மர்சலின் டீச்சரும் இரகசிய வருகையும்

மந்தைவெளியில் ராமானுஜம் வீட்டு மாடியில் இருபத்தாறு வருடமாகக் குடியிருந்த மர்சலின் டீச்சரிடம் போய், "உங்களுக்குப் பொறாமை கொஞ்சம் ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு யாரும் முழுசாகத் திரும்பி வந்ததில்லை. அதை அவள் அக்கறை என்பாள். புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, வாங்கப் போகும் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமை வகுப்பெடுக்க ஒரு வருடம் கோயிலில் வேறொரு பெண்ணைப் போட்டார்கள். டீச்சர் வாயே திறக்கவில்லை. பிள்ளைகளுக்கு விசுவாசப் பிரமாணத்தைத் தப்பில்லாமல் சொல்லிக் கொடுக்கிறாளா என்று பார்ப்பதற்காக எட்டு வாரம் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தாள், அவ்வளவுதான். ஒன்பதாவது வாரம் அந்தப் பெண் தனக்கு உடம்பு சரியில்லை என்று நின்றுகொண்டாள். வகுப்பு பழையபடி டீச்சரிடமே வந்து சேர்ந்தது.

இந்த அக்கறையில் முக்கால் பங்கு தம்பி அல்போன்ஸுக்கு. அவனுக்கு ஆறு வயதாகும்போது அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா அதற்கும் முன்னாலேயே. மர்சலினுக்கு அப்போது பதினெட்டு. டீச்சர் டிரெயினிங் படித்துக்கொண்டே அவனுக்குத் தலை வாரி விட்டாள், வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தாள், அம்மை போட்டபோது வேப்பிலையோடு இருபது நாள் பக்கத்தில் கிடந்தாள். பிறகு அவன் சேப்பாக்கத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் கிளார்க் ஆனான். எந்தச் சட்டை போடுவது, எந்தப் பல்லைப் பிடுங்குவது, யாருக்கு ஓட்டுப் போடுவது எல்லாம் அக்காவைக் கேட்டுத்தான்.

அவனுக்குக் கல்யாணத்துக்கு இரண்டு இடம் வந்தது. பெரம்பூர்ப் பெண் சிரிக்கும்போது வாயை மூடவே இல்லை என்று டீச்சர் வேண்டாம் என்றாள். பல்லாவரத்துப் பெண் கடைசிவரை வாயைத் திறக்கவே இல்லை, அழுத்தக்காரி என்று அதையும் வேண்டாம் என்றாள். மூன்றாவது இடம் வரவில்லை. அல்போன்ஸ் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் கேட்காததை, தனக்குக் கிடைத்த நற்சாட்சிப் பத்திரமாகவே டீச்சர் எடுத்துக்கொண்டாள்.

இப்படி முப்பத்து நான்கு வருடம் ஒருவன் கேள்வி கேட்டு ஒருத்தி பதில் சொல்லி ஓடிக்கொண்டிருந்த வீட்டில்தான் லாய்ட் பிரதர் நுழைந்தார்.

தொண்ணூற்றெட்டில் ஒரு சனிக்கிழமை அல்போன்ஸ் பனியன் வாங்க தி. நகர் போனான். உஸ்மான் ரோட்டில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு பாத்திரக் கடைக்கு மேலே ஏறும் படிக்கட்டில் ஒதுங்கினான். மாடி ஹாலில் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். முதலில் இரண்டு படி ஏறிக் கேட்டான், பிறகு நாலு படி, பிறகு உள்ளே போய் பாயில் உட்கார்ந்துவிட்டான். பேசிக்கொண்டிருந்தவர் லாய்ட். அறுபது வயது, ஒல்லியான நெட்டை ஆள், ரிட்டயர் ஆன டிராஃப்ட்ஸ்மேன். அவருக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ஒரு வெள்ளைத் துணி. அதில் ஸ்கேல் வைத்து, மூன்று கலர் மையில், உலகம் முடியப்போகும் விதத்தை வரைந்திருந்தார்.

மேலே போகும் சிவப்பு அம்பு, இரகசிய வருகை: ஒரு நொடியில், யாருக்கும் தெரியாமல், கர்த்தர் தம்முடைய ஆட்களை எடுத்துக்கொள்வார். அடுப்படியில் நிற்பவள் நின்ற இடத்தில் இருக்க மாட்டாள், பஸ் ஓட்டுபவன் சீட்டில் இருக்க மாட்டான், உடுத்திய துணி மட்டும் கிடக்கும். அதற்கடுத்த கறுப்புக் கட்டம், கைவிடப்பட்டவர்களுக்கு ஏழு வருட உபத்திரவம். அப்புறம் அம்பு கீழே இறங்கும், எல்லோரும் பார்க்க வருவார். அப்புறம் நீலத்தில் நீளமாக, ஆயிரம் வருட அரசாட்சி. எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் நியாயத்தீர்ப்பு.

அல்போன்ஸ் ஆபீஸில் ஃபைல்களுக்குப் பக்க எண் போடுகிறவன். உலகத்துக்கும் ஒரு ஃபைல் இருக்கிறது, அதில் பக்கங்கள் வரிசையாகத்தான் இருக்கின்றன என்று கேட்டதும் அவனுக்கு நெஞ்சு குளிர்ந்துபோனது. வாங்கிய பனியனை அங்கேயே மறந்துவிட்டு வந்தான். அடுத்த சனிக்கிழமை அதை எடுக்கப் போனான். அதற்கடுத்த சனிக்கிழமைகளில் எடுக்க ஒன்றும் இல்லை, ஆனாலும் போனான்.

டீச்சருக்கு அது முதலில் விஷயமாகவே படவில்லை. சாப்பாட்டு நேரத்தில்தான் உறைத்தது. "இந்தப் பூகம்பமெல்லாம் சும்மா வரதில்லக்கா, லாய்ட் பிரதர் சொன்னார்." "வர்ற வருஷம் கம்ப்யூட்டர் எல்லாம் நின்னுடுமாம், லாய்ட் பிரதர் அத வேற மாதிரி பாக்கறார்." ஒருநாள் ரசத்துக்கும் மோருக்கும் நடுவில் பதினோரு முறை அந்தப் பெயர் வந்தது. டீச்சர் விரல் விட்டு எண்ணினாள். அன்றைக்கு ரசம் எப்படி என்று அவன் சொல்லவே இல்லை. முப்பத்து நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன்.

பெண்டாட்டி வந்து தம்பியைப் பிரித்திருந்தால்கூட ஊரில் நாலு பேரிடம் சொல்லி ஆறுதல் தேடலாம். அறுபது வயதுக் கிழவர் ஒரு துணியைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போனார் என்று யாரிடம் சொல்வது? டீச்சருக்கு வயிறு எரிந்தது. உண்மையாகவே எரிந்தது. ஜெலுசில் வாங்கிக் குடித்தாள்.

அந்த ஆள் கெட்டவராக இருந்திருந்தால் பாதி எரிச்சல் குறைந்திருக்கும். ஒருநாள் வீட்டுக்கே வந்தார். செருப்பை வாசலில் ஜோடியாகக் கழற்றி வைத்தார். காணிக்கை, தசமபாகம் என்று பேச்சே எடுக்கவில்லை. காபியைக் குடித்துவிட்டு, "சிஸ்டர், இந்த மாதிரி காபி, நாங்க பெரம்பூர் வீட்ட விட்டப்புறம் குடிக்கல" என்றார். டீச்சர் வேண்டுமென்றே சர்க்கரை குறைத்துப் போட்ட காபி அது.

அல்போன்ஸ் தரையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை டீச்சருக்குத் தெரியும். வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த காலத்தில் தன்னைப் பார்த்த அதே பார்வை.

"உங்க சபையில அந்த ஆயிரம் வருஷத்த எப்படிப் போதிக்கிறாங்க சிஸ்டர்? தெரிஞ்சுக்கலாம்னுதான் கேக்கறேன்" என்றார் லாய்ட்.

இருபத்து நாலு வருடம் ஞானோபதேச வகுப்பு எடுத்தவளுக்குப் பதில் தெரியவில்லை. ஒரு பிள்ளையும் இதுவரை அவளை அதைக் கேட்டதில்லை. "எங்களுக்கு அதெல்லாம் பெரிய விஷயம் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றாள். தம்பிக்கு முன்னால் பதில் தெரியாமல் நின்றது அதுதான் முதல் தடவை.

மறுநாள் சாயங்காலமே பங்குச் சாமியாரிடம் போய் நின்றாள். அவர் பொறுமையாகச் சொன்னார். "நம்ம திருச்சபை இரகசிய வருகைன்னு தனியா ஒண்ணு போதிக்கறதில்ல டீச்சர். ஒரே வருகைதான். எல்லாரும் பாக்க வருவார், ஜீவியரையும் மரித்தவரையும் தீர்ப்பிடுவார். ஆயிரம் வருஷத்த நாள்காட்டி மாதிரி எண்ணக் கூடாது, அது திருச்சபையோட இந்தக் காலம்தான்னு பழைய காலத்துலேருந்து பெரியவங்க சொல்லிட்டு வராங்க. வெளிப்பாடு ஆகமம் அடி வாங்கிக்கிட்டிருந்த ஜனங்களுக்குத் தைரியம் சொல்ல எழுதினது. நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது. அவங்களும் தேதி சொல்லலயே?"

"சொல்லல ஃபாதர். அதான் எரிச்சலா இருக்கு. சொல்லியிருந்தா அந்தத் தேதி முடிஞ்சதும் வந்துடுவான்."

சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த வாரமே டீச்சர் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வீட்டில் தப்பறை, பொய்ப் போதனை, நுழைந்துவிட்டது, தம்பி மாதா சுரூபத்துக்கு முன்னால் செபிப்பதில்லை, செத்தவர்கள் பாவம் தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலமே இல்லை என்கிறான், ஏற்கெனவே ஞானஸ்நானம் வாங்கியவன் மறுபடி தண்ணீரில் முழுகலாமா என்று கேட்கிறான் என்று அடுக்கிக்கொண்டே போனாள். தட்டிக்கு அந்தப்பக்கத்திலிருந்து சாமியார் குரல் வந்தது: "இதெல்லாம் தம்பியோடது. அத அவர் வந்து சொல்லட்டும். உங்களோடது என்ன?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் இருமினார்கள். கடைசியில், "அவன் இப்போ என்னை ஒண்ணும் கேக்கறதில்ல ஃபாதர்" என்றாள். அதைப் பாவமாகச் சேர்த்துக்கொண்டு பரிகாரமாக மூன்று அருள் நிறை மந்திரம் சொல்லச் சொன்னார் சாமியார். மூன்றையும் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை லாய்டின் ஞாபகம் வந்துவிட்டது.

தொண்ணூற்றொன்பது அக்டோபரில், இருபத்து நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு அல்போன்ஸ் சொன்னான். வருகிற ஞாயிறு காலை திருவான்மியூர் கடலில் முழுகி ஞானஸ்நானம் எடுக்கப்போகிறானாம். அன்றைக்கே தி. நகர் ஹாலுக்குப் பின்னால் உள்ள அறைக்குக் குடி போகிறானாம். ஹாலைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம்.

"கேக்கறியா, சொல்றியா?" என்றாள் டீச்சர்.

"சொல்றேன்க்கா."

"ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அம்மா கல்லறைக்கு யார் வருவா?"

அவன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். கை காய்ந்து வெகுநேரம் ஆகியிருந்தது. "செத்தவங்களுக்காக செபிக்கறது எங்க போதனைல இல்லக்கா" என்றான். டீச்சருக்கு அதில் குத்தியது செத்தவர்கள் பற்றிய பேச்சு அல்ல. 'எங்க' என்றானே, அதுதான்.

அதற்குப் பிறகு நாலு நாள் அவள் அவனோடு பேசவில்லை. அக்டோபர் மாதம் முழுக்கக் கோயிலில் சாயங்காலம் செபமாலை உண்டு. இருபது வருடமாக முன்வரிசையில் நின்று தொடங்கி வைப்பவள் டீச்சர்தான். அந்த வாரம் அவள் போகவில்லை. "தம்பி அந்தப் பக்கம் போயிட்டாராமே" என்று யாராவது கேட்டுவிடுவார்கள் என்று வீட்டிலேயே தனியாகச் சொல்லிக்கொண்டாள். முன்வரிசையில் இப்போது யார் தொடங்கி வைக்கிறார்கள் என்ற நினைப்பு வேறு தனியாக அரித்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. டீச்சர் மொட்டை மாடிக்கு ஓடி, காய்ந்திருந்த நீலப் புடவையையும் ரவிக்கையையும் உருவிக்கொண்டு வந்து தன் நாற்காலியின் மேல் போட்டாள். அடுப்பைச் சின்னதாக எரியவிட்டுப் பால் வைத்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேதபுத்தகத்தில் ஒரு அதிகாரம் வாசித்தாள். பிறகு செபமாலையை எடுத்தாள். மாலையில் மூன்றாவது பத்தை உருட்டும்போது, வாய் மாதாவைக் கூப்பிட, மனசு லாய்டோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பது அவளுக்கே தெரிந்தது. இப்படி ஜெபிப்பதற்கு நேராகப் போய்ச் சண்டையே போட்டுவிடலாம் என்று தோன்றியது. படிக்கத்தானே கண்ணாடி, சண்டைக்கு எதற்கு? கண்ணாடியையும் செபமாலையையும் நாற்காலியில் கிடந்த புடவை மேலேயே வைத்துவிட்டு வெறுங்காலோடு கீழே இறங்கினாள். பால் ஞாபகம் வரவில்லை.

ராமானுஜம் வீட்டுக் கூடத்தில்தான் போன் இருந்தது. அவர் மனைவி விசாலாக்ஷி டி.வி.யில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்தாள். "தாராளமா பண்ணுங்கோ டீச்சர். சத்தம் கேக்காது, கொஞ்சம் உரக்கப் பேசுங்கோ. மழை உள்ள அடிக்கறது, அந்தக் கதவச் சாத்திண்டு வாங்கோ" என்றாள். டீச்சர் கதவைச் சாத்தினாள். உரக்கப் பேசுவதில் அவளுக்குக் கஷ்டம் ஒன்றும் இல்லை.

லாய்ட் எடுத்ததும் கொட்டித் தீர்த்தாள். உங்களுக்கு வீட்டில் பிள்ளை குட்டி கிடையாதா, நான் ஆளாக்கின பையன்தான் கிடைத்தானா, நாற்பது வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் உங்கள் அம்புக்குறியா கஞ்சி வைத்துக் கொடுக்கும் என்றெல்லாம் கேட்டாள். விசாலாக்ஷி டி.வி. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள். இது சீரியலைவிட நன்றாக இருந்தது.

அந்தப் பக்கம் லாய்ட் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "சிஸ்டர், நான் கூப்பிடல. ரூம் கேட்டது அவர்தான். வேணாம்னு ரெண்டு தரம் சொன்னேன்."

"பொய்."

"அவர் சொன்னத அப்படியே சொல்றேன். 'அக்கா கைவிடப்படுவாங்க பிரதர். தினம் அவங்க முகத்தப் பாத்து சோறு வாங்கித் தின்னுக்கிட்டே நான் மட்டும் போறதுக்குக் காத்திட்டிருக்க என்னால முடியல'ன்னார். அழுதார் சிஸ்டர்."

டீச்சர் அங்கேயே இருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தம்பி தன்மேல் பாசம் விட்டுப்போய்ப் போகவில்லை என்று தெரிந்தது ஒரு பக்கம். தன்னை ஆண்டவர் விட்டுவிட்டுப் போவார் என்று அவன் தீர்மானம் பண்ணியிருக்கிறான் என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் முதலில் பொங்கியது. நானா கைவிடப்படுவேன்? இருபத்து நாலு வருடம், எத்தனை பிள்ளைகள், எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! இந்த லாய்ட் போவாராம், நான் நிற்பேனாம்! அதிலிருந்து பேச்சு மாதா, உத்தரிக்கிற ஸ்தலம், ஆயிரம் வருஷம் என்று நீண்டது. சாமியார் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் இப்போது மடமடவென்று சொன்னாள். இருபத்தைந்து நிமிஷம் லைன் அப்படியே இருந்தது.

மாடிக்கு ஏறும்போதே தீய்ந்த வாடை. பால் பொங்கி வழிந்து பாத்திரம் கறுத்துப்போயிருந்தது. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினால் வாசற்கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அல்போன்ஸின் டிபன் பை தரையில் கவிழ்ந்திருந்தது. குடை விரித்தபடியே கூடத்தில் கிடந்தது. அவனுடைய செருப்பு அவள் செருப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. ஆளைக் காணோம். டிரங்குப் பெட்டியை எடுக்க வந்தானோ என்று கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பெட்டி இருந்தது.

என்னவோ ஏதோ என்று தெருவுக்கு ஓடினாள். முனையில் எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் அப்துல் கய்யூம் அவளைப் பார்த்ததும் ஸ்டூலைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"டீச்சரம்மா! நீங்க இங்கதான் கீறீங்களா? உங்க தம்பி இன்னாமோ உங்கள மேல எடுத்துக்கினாங்கன்னு அயுதுகினு ஓடறாரு. நான் மௌத் ஆயிட்டீங்க, பூட்டீங்கன்னு நென்ச்சு ஆடிப்பூட்டேன்."

"மேல எடுத்துக்கிட்டாங்களா?"

"அப்டிதான் சொன்னாரு. பொடவ மட்டும் கீது, கண்ணாடி கீது, மணிமால கீது, ஆளு இல்ல, அடுப்பு எரியுதுன்னாரு. யாருக்கோ மூணு தபா போன் போட்டாரு. மூணு தபாவும் எங்கேஜ். அப்பால அப்டியே வெறுங்காலோட உங்க கோயில் பக்கம் ஓடனாரு."

டீச்சருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கொட்டுகிற மழையில் அவளும் வெறுங்காலோடு கோயிலைப் பார்த்து நடந்தாள்.

கோயிலில் செபமாலை நடந்துகொண்டிருந்தது. பீடத்தின் பக்கத்தில் சாமியார், நிறைய பெண்கள், கொஞ்சம் ஆண்கள், எல்லோரும் இருந்தார்கள். ஒருத்தர்கூடக் குறையவில்லை. பின்னால் தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில் அல்போன்ஸ் சொட்டச் சொட்ட நின்றுகொண்டிருந்தான். பெஞ்சு பெஞ்சாக, ஆள் ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் உதடு என்னவோ எண்ணிக்கொண்டிருந்தது. அம்மா செத்த அன்றைக்கு இப்படித்தான் வீட்டில் வந்தவர்கள் முகத்தையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு நின்றான், ஆறு வயதில்.

"அல்போன்ஸ்" என்றாள்.

அவன் திரும்பினான். கொஞ்ச நேரம் நம்பவில்லை. கிட்டே வந்து அவள் தோளைத் தொட்டுப் பார்த்தான். "நீ போகலயாக்கா?" என்றான். செபமாலை நின்றது. முன்வரிசை வரை எல்லாத் தலையும் திரும்பியது.

"எங்கடா போவேன், பாலை அடுப்புல வச்சுட்டு?"

அவன் அங்கேயே, கோயில் தரையிலேயே உட்கார்ந்து அழுதான். நாற்பது வயது ஆம்பிளை, ஆபீஸ் சட்டையோடு, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு. சாமியார் பெண்களைப் பார்த்து மேலே சொல்லுங்கள் என்று கை காட்டினார். செபமாலை மறுபடி தொடங்கியது. யார் தொடங்கி வைத்தார்கள் என்று டீச்சர் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடக்கும்போது மழை விட்டிருந்தது. தம்பிக்கு முதலில் ஆறுதல் சொல்லியிருக்க வேண்டும். டீச்சருக்கு அதற்கெல்லாம் பொறுமை இல்லை.

"யாருக்குடா போன் போட்ட?"

"லாய்ட் பிரதருக்கு. மூணு தரமும் எங்கேஜ். பேசிக்கிட்டு இருக்கும்போதே அவரையும் எடுத்துட்டாங்க, ரிசீவர் தொங்குதுன்னு நெனச்சேன்."

"நான்தான் பேசிக்கிட்டு இருந்தேன்."

"நீயா?"

"நான்தான். திட்டறதுக்குப் போன் பண்ணேன்." டீச்சருக்கு இன்னும் அரித்தது. "அப்போ அவர் போயிட்டாரா இல்லையான்னுதானே உனக்கு மொதல்ல கவலை?"

"இல்லக்கா. நேரம் ஆயிடுச்சா, நான் மட்டும்தான் நிக்கறேனான்னு கேக்கப் போட்டேன். கோயிலுக்கு ஓடினதும் அதுக்குத்தான். அங்க எல்லாரும் இருந்தாங்க, சாமியார்கூட. அப்பவும் சரிதான், அக்காவ மட்டும்தான் எடுத்திருக்காங்கன்னு நெனச்சேன்."

"நான் கைவிடப்படுவேன்னு நீதான சொன்னியாம்? சோறு வாங்கித் தின்ன முடியலன்னு?"

அவன் நின்றான். தெருவிளக்கு வெளிச்சத்தில் அவன் மூக்கு சிவந்திருந்தது. "அந்தத் துணியப் பாத்தா அப்படித்தான்க்கா வருது" என்றான். "ஆனா நாற்காலில புடவையப் பாத்தப்போ, உன்னை எடுத்துட்டாங்கன்னுதான் தோணிச்சு. சந்தேகமே வரல. நான்தான் கைவிடப்பட்டேன்னு நெனச்சேன்."

டீச்சர் மேலே நடந்தாள். உள்ளே ஒரு சந்தோஷம். வெட்கமில்லாத, பச்சையான சந்தோஷம். லாய்டின் பன்னிரண்டடித் துணி, மூன்று கலர் மை, எல்லாவற்றையும் ஒரு பழைய நீலப் புடவை ஜெயித்துவிட்டது. தம்பி கணக்கில், சாமியாரையே தாண்டி அவள் ஒருத்தி மட்டும் போனாள். அந்த நினைப்பை வாயில் கல்கண்டு போட்டுக்கொண்டதுபோல வீடுவரை கரைத்துக்கொண்டே வந்தாள்.

சனிக்கிழமை லாய்ட் வந்தார். கதையைக் கேட்டுச் சிரிப்பார், சிரித்தால் அதை வைத்தே ஒரு வருடம் வெறுக்கலாம் என்று டீச்சர் காத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. "ஆயத்தமா இருங்கன்னுதான் சொன்னேன் பிரதர். பயந்து ஓடுங்கன்னு சொல்லல. அப்படி நான் சொல்லிக் கொடுத்திருந்தா தப்பு என்னோடதுதான்" என்றார். முழுக்கு இப்போது வேண்டாம், மனசு தெளியட்டும், அறையும் அவசரமில்லை என்று அவரே சொல்லிவிட்டார். டீச்சர் அன்றைக்கு அவருக்குச் சரியான சர்க்கரை போட்டுக் காபி கொடுத்தாள். ஆனால் அவர் போன பிறகு, டபராவில் ஒரு வாய் மிச்சம், போன தடவை முழுசாகக் குடித்தார் என்று கண்டுபிடித்துத் தம்பியிடம் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை, இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். அல்போன்ஸ் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தான். அம்மாவின் கல்லறையைக் கழுவினான், சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்தான். பூ வைக்கவில்லை, மெழுகுவர்த்தி ஏற்றவில்லை, செபமும் சொல்லவில்லை. அதெல்லாம் டீச்சர் செய்தாள். நடுவில் தூறல் போட்டது. அல்போன்ஸ் குடையை விரித்து, தான் நனைந்துகொண்டு, அவள் ஏற்றிய மெழுகுவர்த்தி அணையாமல் கடைசிவரை பிடித்துக்கொண்டு நின்றான். அது எந்த போதனையில் இருக்கிறது என்று டீச்சர் கேட்கவில்லை.

அவன் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. தி. நகர் ஹாலுக்குச் சனிக்கிழமைகளில் போவதையும் விடவில்லை. லாய்ட் பிரதர் சொன்னார் என்பது சாப்பாட்டில் இப்போதும் வரும். இரண்டு முறை, மூன்று முறை. டீச்சர் எண்ணத்தான் செய்கிறாள்.

புதிதாக வந்த ஒரே பழக்கம் இதுதான். ஆபீஸ் விட்டு வந்ததும் அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், வாசற்படியில் நின்று, "அக்கா, இருக்கியா?" என்று கூப்பிடுவான். "இருக்கேன்டா" என்று சத்தம் வந்த பிறகுதான் உள்ளே கால் வைப்பான்.

சில நாள், லாய்ட் பெயர் முந்தின ராத்திரி சாப்பாட்டில் கொஞ்சம் அதிகமாக வந்திருந்தால், டீச்சர் உடனே பதில் சொல்வதில்லை. அடுப்படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். "அக்கா?" என்று அவன் இரண்டாம் முறை கூப்பிடும்போது குரல் கொஞ்சம் உடையும். அதைக் கேட்ட பிறகுதான், "இருக்கேன்டா, எங்க போவேன்" என்பாள். பெரிய பாவம்தான், அவளுக்குத் தெரியும். மாதா மாதம் முதல் வெள்ளிக்குக் கோயிலுக்குப் போய் மறக்காமல் சாமியாரிடம் சொல்லிவிடுகிறாள். அவரும் மூன்று அருள் நிறை மந்திரம் கொடுக்கிறார். அடுத்த மாதமும் அதையே கொண்டு வருகிறாள்.